88 கிலோவுக்கு எந்த ஆடுகளம்?

கேள்வி:

என் மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊர்க் கபடி டீமில் லெஃப்ட் கார்னர் ஆடுகிறான். ஆறடி உயரம், 88 கிலோ. அவன் கையில் கால் மாட்டினால் மீள முடியாது என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு. சோளிங்கர், திருத்தணி, காவேரிப்பாக்கம் பக்கம் எங்கே மின்னொளி ஆட்டம் நடந்தாலும் வண்டி வைத்துக் கூட்டிப் போகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கோப்பையோடு வந்து படுக்கிறான். காலேஜுக்குப் பாதி நாள் போவதில்லை.

என் அண்ணன் மகன் டல்லாஸில் இருக்கிறான். அவன் அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறான். “இவன் உடம்புக்கு டிஃபென்ஸ் லைனில் நிற்கலாம், அங்கே கோடிக்கணக்கில் சம்பளம்” என்று சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டான். இப்போது இவன் படிப்பை நிறுத்திவிட்டு ஜிம்முக்குப் போகிறேன், உடம்பை ஏற்றப் போகிறேன், புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடு என்கிறான். இங்கே கபடி சொல்லிக் கொடுக்கும் மாஸ்டரோ எடையைக் குறை என்கிறார்.

நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். வீட்டுக்காரர் லோகோ ஷெட்டில் ஒப்பந்த வேலை. எங்களுக்கு இந்த விளையாட்டு விவரம் எதுவும் தெரியாது. அமெரிக்கா போகும் வழி நிஜமாகவே இருக்கிறதா? கபடியில் பாடிப் போகிறவனுக்குத்தான் பேர், பிடிக்கிறவனுக்குப் பிழைப்பு உண்டா? எத்தனை வருஷம் ஆட முடியும்? அடிபட்டால் என்ன கதி? படிப்பை விடலாமா?

— பெயர் வேண்டாம், அரக்கோணம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பை விடக் கூடாது. உங்கள் வீட்டில் இப்போது தொங்கிக்கொண்டிருக்கும் முடிவு அதுதான். மற்றவற்றை ஆற அமரப் பேசலாம்.

டல்லாஸ் மருமகன் பொய் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் பிடிப்பவனுக்கு மதிப்பு உண்டு, பணமும் உண்டு. டிஃபென்ஸ் லைனில் மூன்று பேரோ நான்கு பேரோ ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். பந்து அசைந்த மறுநொடி எதிரே நிற்கும் மலை போன்ற ஆளை முட்டி ஒதுக்கிவிட்டு, பின்னால் பந்து எறியத் தயாராகும் குவார்ட்டர்பேக்கைப் போய்ச் சாய்க்க வேண்டும். அது முடியாவிட்டால், பந்தோடு ஓடி வருகிறவனுக்கு இடைவெளி கிடைக்காமல் அடைத்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முட்டலும் சில நொடிதான். எழுந்து வந்து மறுபடி கையை ஊன்ற வேண்டும். ஓர் ஆட்டத்தில் இப்படிப் பல பத்து முறை. உங்கள் மகன் அந்த வீடியோக்களைப் பார்த்து மயங்குவதில் எனக்கு வியப்பில்லை. தன் வேலையைத்தான் அவன் அங்கே பார்க்கிறான்.

ஆனால் அந்த உடம்பின் அளவைப் பாருங்கள். ஆரோன் டொனால்டு என்று ஒருவர். ராம்ஸ் அணிக்குப் பத்து ஆண்டுகள் ஆடினார், ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் விருதை மூன்று முறை வாங்கினார். உள்வரிசையில் நிற்க இவர் சின்ன உடம்பு என்றுதான் ஆரம்பத்தில் அவரைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சின்ன உடம்பு சுமார் 127 கிலோ. பன்னிரண்டு வயதிலிருந்து விடியுமுன் நாலரை மணிக்கு அப்பா எழுப்பிவிட, வீட்டின் கீழ்த்தளத்தில் எடை தூக்கி வளர்த்த உடம்பு அது. உள்வரிசையில் அவர் பக்கத்தில் நிற்பவர்கள் 140 கிலோவைத் தொடுவார்கள். உங்கள் மகன் அங்கே நிற்க நாற்பது கிலோ குறைகிறது. அதைப் பவுடரால் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் அந்த எடையோடு அவர்கள் ஓடுகிற வேகத்தில் ஓட முடியாது.

வழி என்று பார்த்தால், அங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே இந்த ஆட்டம் இருக்கிறது. பள்ளி முடித்துக் கல்லூரி அணியில் ஆடி, அதில் பொறுக்கியெடுத்த சிலரை ஆண்டுதோறும் ஏழு சுற்றுத் தேர்வில் 32 அணிகள் பங்குபோட்டுக்கொள்ளும். வெளிநாட்டு வீரர்களுக்கென்று 2017 முதல் ஒரு தனி ஏற்பாடும் இருக்கிறது. அதில் போன எஃபே ஒபாடா டிஃபென்ஸ் லைன் ஆட்டக்காரர்தான். நைஜீரியாவில் பிறந்து, சிறுவயதில் லண்டனில் கைவிடப்பட்டு, வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர். 2018-ல் கரோலினா பேந்தர்ஸுக்கு இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஒரு சாக் (குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது), ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது). படித்தால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அவர் லண்டனிலேயே இந்த ஆட்டத்தை ஒரு கிளப்பில் ஆடிப் பழகியவர். அதே வழியில் போன ஆஸ்திரேலியர் ஜோர்டான் மைலாட்டா சிறுவயதிலிருந்து ரக்பி ஆடியவர், ஆறடி எட்டங்குலம். உங்கள் மகனுக்கு அரக்கோணத்தில் அந்த ஆட்டத்தின் மைதானமோ பயிற்சியாளரோ கிடையாது. இந்தியாவில் 2012-ல் எலைட் ஃபுட்பால் லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நிலைக்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் வருகிறது என்று மருமகன் அடுத்துச் சொல்லக்கூடும். அதில் ஆளைச் சாய்ப்பதே கிடையாது. இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் போதும். பிடிப்பவனுக்கு அங்கே வேலை இல்லை.

நீங்கள் தோலைத் தொட்டுப் பிழைப்பவர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பந்துக்குப் பன்றித்தோல் என்று பட்டப்பெயர் உண்டு, ஆனால் தைப்பது மாட்டுத்தோலில். சிகாகோவில் ஹார்வீன் தோல் பதனிடும் ஆலையில் பதனிட்ட தோல், ஒஹாயோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் வில்சன் தொழிற்சாலையில் பந்தாகிறது. துண்டுகளை உட்புறம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு ஆவியில் இளக்கித் திருப்புவார்கள். அந்த வேலையின் பாடு உங்கள் கைக்குத் தெரியும்.

அந்த ஆட்டத்துக்குப் போனவர்களின் ஆட்ட ஆயுளையும் சொல்ல வேண்டும். வீரர்கள் சங்கம் சொல்லும் சராசரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். கோடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை முழுதும் கைக்கு வரும் என்ற உறுதியும் பலருக்கு இல்லை. பிறகு தலை. பெரிய மோதல் ஒன்று நடந்து மயங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். லைனில் நிற்பவனுக்குத் தினமும் விழும் சின்னச் சின்ன இடிகள் யார் கண்ணிலும் படாது. இறந்த பிறகு தானமாகக் கொடுக்கப்பட்ட 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். 110 மூளைகளில் தொடர் அடியால் வரும் சிதைவு இருந்தது. ஏற்கெனவே தொந்தரவு தெரிந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் கொடுத்திருக்கும் என்பதால், ஆடிய எல்லோருக்கும் இது வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டிய எண்.

அந்த லைனில் நின்றவர்களில் உங்கள் மகன் ஒருவரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் ஆலன் பேஜைப் படிக்கட்டும். ஒஹாயோவின் கேன்டன் ஊர்க்காரர். அந்த ஊரில் இந்த ஆட்டத்துக்கான புகழ்க்கூடம் கட்டியபோது பள்ளி மாணவராக அதில் கட்டட வேலை பார்த்தவர். 1967-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு வந்தார். 1971-ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். தடுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது போனது அதுதான் முதல் முறை. ஆடிக்கொண்டே சட்டக் கல்லூரிக்குப் போய் 1978-ல் பட்டம் வாங்கினார். நெடுந்தூரம் ஓடி எடை குறைந்துவிட்டது என்று அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொள்ள, 1981 வரை ஆடினார். 1988-ல், தான் கட்டட வேலை பார்த்த அந்தப் புகழ்க்கூடத்திலேயே அவர் பெயர் ஏறியது. 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. அவருடைய சுண்டுவிரல் ஆட்டத்தில் மூட்டு விலகி, செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நம் ஊர் மூத்த கார்னர்களின் கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், அதே மாதிரி கோணல் விரல் இரண்டாவது இருக்கும்.

சரி, கபடிக்கு வருவோம். பாடிப் போகிறவனுக்குத்தான் பேர் என்கிறீர்கள். கைதட்டலைப் பொறுத்தவரை உண்மை. கூட்டம் பார்ப்பது ரைடரை. ஆட்டம் தெரிந்தவர்கள் பார்ப்பது கார்னரின் பாதத்தை.

உங்கள் மகன் நிற்கும் இடத்தை ஒருநாள் பக்கத்திலிருந்து கவனியுங்கள். ரைடர் நடுக்கோட்டைத் தாண்டியதும் ஏழு பேரும் கை கோத்து அலை மாதிரி பின்வாங்குவார்கள். கார்னர் கோடியில், லாபிக் கோட்டை ஒட்டி, முழங்கால் மடக்கி, குதிகால் தரையில் படாமல் நிற்பான். அவன் பார்வை ரைடரின் முகத்தில் இருக்காது, இடுப்பில் இருக்கும். முகமும் கையும் ஏமாற்றும். எந்தக் காலில் எடை விழுகிறது என்பதை இடுப்பு மறைக்க முடியாது. ரைடர் போனஸ் புள்ளிக்காக ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறு காலைத் தூக்குவான். எடை முழுதும் ஒற்றைக் காலில் நிற்கும் அந்த அரை நொடியில் கார்னர் பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் பூட்ட வேண்டும். அரை நொடி முந்தினால் ரைடர் தாண்டிக் குதிப்பான், பிந்தினால் கால் கோட்டுக்கு வெளியே போய்விடும். பூட்டிய பிறகும் தனியாக இழுத்து நிறுத்த முடியாது. பக்கத்தில் நிற்கும் இன், கவர் ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் மேலே விழும்வரை இரண்டு மூன்று நொடி தாங்க வேண்டும். தை ஹோல்டு, டேஷ், பிளாக் என்ற மற்றப் பிடிகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பலம் வேண்டும், ஆனால் பலம் இரண்டாவது. பொறுமையில்லாத பலசாலி கார்னர் ஓர் ஆட்டத்தில் நாலு முறை அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பான்.

அதனால்தான் பிடி ஆட்டக்காரனுக்கு ஆயுள் அதிகம் என்று நான் நம்புகிறேன். ரைடரின் சரக்கு காலின் வேகம். இருபத்தெட்டு, முப்பதில் அது இறங்கத் தொடங்கும். கார்னரின் சரக்கு பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணிப்பு. தருமராஜ் சேரலாதன் இருக்கிறாரே, நம் தஞ்சை மாவட்டத்துக்காரர். 1975-ல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோதே அவருக்கு முப்பத்தொன்பது. மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆகும் வயது. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 38–29 என்று வீழ்த்திய இந்திய அணியில் இருந்தார். அப்போது வயது 41. அதற்குப் பிறகும் புனே, மும்பை, ஹரியானா என்று ஆடி, 2021–22 சீசனில் ஜெய்ப்பூருக்காகக் களத்தில் நின்றார். வடக்கத்திப் பையன்களும் அவரை “அண்ணா” என்றே கூப்பிட்டார்கள். தன்னைவிட இருபது வயது இளையவர்களின் கணுக்காலை அவர் பூட்டியது வேகத்தால் அல்ல.

பணமும் பிடிப்பவர்களைத் தேடி வந்துவிட்டது. லீகின் ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் ஒரு லெஃப்ட் கார்னர்தான், ஈரானின் ஃபாசல் அத்ராச்சலி, 2018-ல் யு மும்பா அணிக்கு. அவர் நாட்டுக்காரரான முகமதுரெசா ஷாட்லூவை 2023 ஏலத்தில் புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தது. அவரும் லெஃப்ட் கார்னர். இந்தத் தகவலை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள், உற்சாகம் வரட்டும். கூடவே இன்னொன்றையும் காட்டுங்கள். அதே ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். பெயர் கொடுத்துவிட்டு யாரும் கை தூக்காமல் திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏராளம். எடுத்தாலும் ஆட்டம் இரண்டு மூன்று மாதம். அடுத்த ஆண்டு அதே அணி வைத்துக்கொள்ளும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மீதி மாதங்களுக்குச் சோறு போடுவது வேலைதான்.

கபடி ஆட்டக்காரனின் வாழ்க்கையைக் காலம் காலமாகத் தாங்கி வந்தது ரயில்வே, ராணுவம், போலீஸ், மின்வாரியம், வங்கி போன்ற டிபார்ட்மென்ட் டீம்கள். இதில் உங்கள் ஊரைப் போல வாய்த்த ஊர் குறைவு. அரக்கோணமே ரயிலால் வளர்ந்த ஊர். இந்திய ரயில்வே அணி சீனியர் நேஷனல்ஸில் பலமுறை சாம்பியன். பக்கத்தில் தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம். அந்தப் படையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது கபடிக்கு இடம் வைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலையிலும் சாதனை செய்த வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் உழைக்கும் அதே ரயில்வேயில் மகன் நிரந்தர ஊழியராக, அணியின் ஆட்டக்காரராக நுழைய முடியும். இது கனவுப் பேச்சு இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் தலையெடுத்தன.

ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது 18 முதல் 25. தளர்வு கிடையாது. மதிப்பெண் நூறில் 50 அங்கீகரித்த போட்டிகளில் பெற்ற சாதனைக்கு, 40 மைதானத்தில் நடக்கும் டிரயல்ஸுக்கு, 10 படிப்புக்கு என்பதுதான் வழக்கமாக அறிவிப்பில் வரும் கணக்கு. விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டு அறிவிப்பை வரிவரியாகப் படித்துக்கொள்ளுங்கள். இதில் உங்கள் மகன் எங்கே நிற்கிறான்? மின்னொளி ஆட்டங்களில் வாங்கிய கோப்பை அலமாரி நிறைய இருந்தாலும் அந்த 50-க்கு ஒரு மதிப்பெண்கூட வராது. மாநில அணிக்குத் தேர்வாகி நேஷனல்ஸ் ஆடியிருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழக அணியில் அகில இந்தியப் போட்டிக்குப் போயிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்குத்தான் எடை. நேஷனல்ஸ் ஆடியவருக்கு மாநிலச் சங்கம் படிவம் 2 தரும், பல்கலைக்கழகப் போட்டிக்குப் படிவம் 3. இவை பெயர் தெரியாத காகிதங்களாக இருக்கலாம், வேலையைத் தீர்மானிப்பது இவைதான்.

படிப்பை விடக் கூடாது என்று முதல் வரியிலேயே சொன்னதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பாலிடெக்னிக் மாணவன் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. டிப்ளமோ முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தாலோ வேறு டிகிரி சேர்ந்தாலோ அந்தக் கதவு திறக்கும். இப்போதே நின்றுவிட்டால் கையில் இருப்பது பத்தாம் வகுப்பு மட்டும். ஒதுக்கீட்டிலேயே கிடைத்தாலும் அந்தப் படிப்புக்கு உரிய கடைநிலை வேலைதான். ஆடுகிற காலத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆட்டம் முடிந்த பிறகு அறுபது வயதுவரை அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது எடை. உங்கள் மாஸ்டர் சொல்வது சரி. சீனியர் ஆண்களுக்குத் தேசியப் போட்டிகளில் உச்சவரம்பு 85 கிலோ. உங்கள் மகன் மூன்று கிலோ அதிகம். ஜூனியர் பிரிவில் ஆடலாமே, வயது இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அந்தப் பிரிவின் எடை வரம்பு இன்னும் பல கிலோ கீழே. ஊர் ஆட்டத்தில் யாரும் தராசு வைப்பதில்லை, அல்லது பெயருக்கு வைப்பார்கள். அதனால் அவனுக்கு இதுவரை உறைக்கவில்லை. உடம்பு பெருத்த பையன்கள் பலர் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். திறமை இருக்கும், ஊரெல்லாம் பேர் இருக்கும், மாவட்டத் தேர்வில் தராசு முள் தாண்டியதும் பெயரை அடித்துவிடுவார்கள். டல்லாஸ் ஆட்டத்துக்கு உடம்பை ஏற்றக் கிளம்பினால் இங்கே இருக்கும் வழியையும் அவனே அடைத்துக்கொள்வான்.

குறைப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. தேர்வு நாள் காலையில் மைதானங்களில் நான் பார்க்கும் காட்சி மனதைப் பிசையும். முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காத பையன்கள், வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். எச்சிலை ஊற வைத்துத் துப்பிக்கொண்டே இருப்பான் ஒருவன். தராசில் ஏறி இறங்கியதும் இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் களத்தில் இறங்குவார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், கணிப்பு மங்கும், தேர்வாளர் எதிரில் முதல் பிடியே நழுவும். சிறுநீரகத்துக்கும் கேடு. மூன்று கிலோதானே, அதை மூன்று மாதத்தில் குறைக்கட்டும். ராத்திரி ஆட்டம் முடிந்து சாப்பிடும் பரோட்டாவும், பந்தயக்காரர்கள் வாங்கித் தரும் பாட்டில் கூல்டிரிங்க்ஸும் நின்றாலே பாதி இறங்கிவிடும். இன்னும் இரண்டு கிலோ இறக்கி 83-ல் நிலைத்தால் தேர்வு நாளன்று பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம்.

அடிபட்டால் என்ன கதி என்று கேட்டீர்கள். மின்னொளி ஆட்டத்தில் அடிபட்டால் செலவு உங்கள் தலையில். நடத்துகிறவர்கள் ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவார்கள், அதோடு சரி. கார்னருக்கு முதலில் போவது விரல், அப்புறம் தோள்பட்டை, பெரிதாகப் போவது முழங்கால். முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். எண்ணெய் போட்டு நீவிக் கட்டுவதோடு நின்றுவிடாமல், முட்டி வீங்கினாலோ நடக்கும்போது மடங்கினாலோ அதே வாரம் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், வேலூர் பக்கத்தில்தானே இருக்கிறது. கணுக்காலுக்குப் பாயும்போது ரைடரின் முட்டி நெற்றியில் இடிப்பது சகஜம். ஒரு கணம் கண் இருட்டினாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. மறுநாளும் கூடாது. மருத்துவர் சொன்ன பிறகுதான். இதை மகனிடம் நீங்களே வாக்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

மண் தரையில் மட்டும் ஆடுகிறான் என்று நினைக்கிறேன். தேர்வு, நேஷனல்ஸ், டிரயல்ஸ் எல்லாம் ‘மேட்’ விரிப்பில். மண்ணில் கால் வழுக்கி நிற்கும், விரிப்பில் ஷூ கவ்விக்கொண்டு உடனே நிற்கும். மண்ணில் பழகிய முழங்கால் அந்தத் திடீர் நிறுத்தத்துக்குத் தயாராக இருக்காது, முறுக்கிக்கொள்ளும். ராணிப்பேட்டை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய், மேட் பயிற்சி எங்கே கிடைக்கும், மாவட்ட அணித் தேர்வு எப்போது என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், சொல்வது அவர்கள் வேலை. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு இருக்கிறது, அதிலும் ஆடட்டும். பெரிய சான்றிதழ் இல்லை என்றாலும் தேர்வாளர்கள் கண்ணில் படும் இடம்.

மின்னொளி ஆட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அங்கேதான் அவன் ஆட்டக்காரன் ஆனான், அந்தக் கூட்டமும் விசிலும் அவனுக்கு வேண்டும். பரீட்சைக்கும் தேர்வுக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் போகாமல் இருக்கட்டும். பருவ வருகைப்பதிவு குறைந்து ஒரு செமஸ்டர் போனால், 25 வயதுக் கணக்கில் அரை வருஷம் போய்விடும். பதினெட்டு வயதுக்காரனுக்கு ஏழு வருஷம் நீளமாகத் தெரியும். டிப்ளமோ, டிகிரி, இரண்டு மூன்று நேஷனல்ஸ் என்று அடுக்கிப் பாருங்கள், சரியாக அவ்வளவுதான் இருக்கிறது.

டல்லாஸ் மருமகனை ஒதுக்க வேண்டாம். வீடியோ அனுப்பும் ஆர்வம் அவனுக்கு இருக்கிறது. டிஃபென்ஸ் லைன்காரர்கள் எடையைக் கால்விரல்களுக்கு மாற்றி முதல் அடி எடுத்து வைக்கும் பயிற்சியை அவனிடம் கேட்டு வாங்கட்டும். கார்னருக்கு அது அப்படியே உதவும். பதிலுக்கு ஷாட்லூவின் பிடிகளை உங்கள் மகன் அவனுக்கு அனுப்பட்டும்.

புரோட்டீன் பவுடர் வாங்காதீர்கள். நம்பகமில்லாத டப்பாக்களில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. தேசிய அளவில் ஊக்கமருந்துச் சோதனை இருக்கிறது, தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் தடை நீங்காது. அந்தக் காசுக்குத் தினம் மூன்று நான்கு முட்டை, ஒரு கை ஊறவைத்த வேர்க்கடலை, சுண்டல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழியோ மீனோ கொடுங்கள். ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்து, பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏற்றிப் பார்த்து, எண் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். மாவட்டத் தேர்வுக்கு எந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை அப்போது விவரமாக எழுதுகிறேன். பிறப்புச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயரின் எழுத்தும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் இந்த வாரமே சரிபார்த்து வையுங்கள்.